வினாவாய் நின்ற நம்பிக்கை

ஆங்கிலக் கவிதைகளுள் நம்மவரால் மிகுதியாக எடுத்தாளப்படும் அடிகளை எண்ணப் புகுந்தால், ஷெல்லி என்னும் கவிஞர் மேல்காற்றை விளித்துப் பாடிய பாட்டின் ஈற்றடி முதல் வரிசையில் வந்து நிற்கும். பரீக்ஷையில் தவறிய மாணவனைத் தேற்றுவோர் அதனைச் சொல்வர். தொழிலில் நொடித்தவரைத் தேற்றுவோரும் அதனையே சொல்வர். பிரிவுபசார விருந்துகளில் அது பேசப்படாத ஆண்டு இல்லை. குளிர்காலத்தின் பின் வசந்தம் வருவது திண்ணம் என்னும் பொருளில் அது பழமொழிபோல் வழங்குகிறது. 70 அடிகளையுடைய ஒரு பாட்டில் 69 அடிகளை மறந்துவிட்டு, எஞ்சிய ஓரடியையும் அதன் இறுதியிலுள்ள வினாக்குறியை அழித்துவிட்டு நாம் கையாண்டு வருகிறோம். அவ்வடி பழமொழியன்று, வினா. அதனைப் பழமொழியாக்குவது கவிஞர் பட்ட பாட்டையும் கவிதையின் பொருளையும் ஒருங்கே இழப்பதாகும் என்பதே யான் ஈண்டுக் கூறப் புகுந்தது. இப்பிழையைப் பிறர்மேற் சுமத்த யான் வரவில்லை. பல்லாண்டுகள் வகுப்பறையில் இப்பிழையைச் செய்தவன் யானே.

யான் வசிப்பது பாலவாக்கத்தில். திருவான்மியூருக்குத் தெற்கே, கொட்டிவாக்கத்துக்கும் நீலாங்கரைக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியது அவ்வூர். 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. சாலையின் கீழ்ப்புறத்தே சிறிது நடந்தால் குப்பமும் மணலும் கடலும். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா என்னும் புயல் சென்னையைக் கடந்த அன்று, எம் தெருவில் நின்ற வேம்பு இரண்டும் வேரோடு சாய்ந்தன. நகரெங்கும் வீழ்ந்த மரங்கள் ஆயிரக்கணக்கானவை. வகுப்புகள் மீண்டும் தொடங்கியபோது நடத்த வேண்டியிருந்த பாடம், தற்செயலாக, இந்த மேல்காற்றுப் பாட்டே. குப்பத்திலிருந்து வந்து பயின்ற மாணவன் ஒருவன் பின்வரிசையில் இருந்தான். அவன் தந்தையாரின் படகு கரையிலேயே மோதி உடைந்திருந்தது. பாடம் முடிந்ததும் அவன் எழுந்து இரண்டு கேள்விகள் கேட்டான். "ஐயா, மேல்காற்று எங்களுக்கு மழை கொண்டுவருவதில்லையே, இவருக்கு மட்டும் எப்படிக் கொண்டுவந்தது?" என்பது ஒன்று. "வசந்தம் வரும் என்று இவருக்கு எப்படித் தெரியும், ஐயா?" என்பது மற்றொன்று.

முதற் கேள்விக்கு ஒருவாறு நல்ல விடை கூறினேன். இரண்டாவதற்கு, "அது விடை தெரிந்தே கேட்கும் வினா; ஆம் என்பதே விடை; அவ்வாறே எழுதுக" என்று கூறி அமர்ந்தேன். அவனும் அவ்வாறே எழுதித் தேறினான். ஆயினும், உடைந்த படகின் அருகிலிருந்து எழுந்து வந்த ஒருவனுக்கு யான் கொடுத்த விடை அதுவோ என்று பின்னர் நினைக்குந்தோறும் நாணினேன். இக்கட்டுரையை அவனுக்குரிய காலங்கடந்த விடையாகவும் கொள்ளலாம்.

முதலிற் காற்றைப் பற்றி. நம் முன்னோர் நாற்றிசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயரிட்டனர்: தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. நம் மேல்காற்றின் பெயரே வெயிற்காலத்தின் பெயர்! ஆனி மாதத்து நண்பகலில் பாலவாக்கத்து மணலில் நிற்பவனுக்கு அக்காற்றின் இயல்பைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகையால் ஷெல்லியின் பாட்டைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் படிக்கும் தமிழ் மாணவன், அனலையும் புழுதியையும் நினைத்துக்கொண்டு இடியையும் மழையையும் பற்றிய அடிகளைப் படிக்கிறான். ஷெல்லி தாமே பாட்டுக்கு எழுதிய குறிப்பில், இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகருக்கு அருகே, ஆர்னோ நதிக்கரைச் சோலையொன்றில், இலையுதிர்காலத்து மழையைக் கொணரும் காற்று மேகங்களைத் திரட்டிய ஒரு நாளில் இதனை எண்ணியதாகக் கூறுகிறார். அது 1819-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், நமக்கு ஐப்பசி. ஐப்பசி கார்த்திகையில் நமக்கு அத்தொழிலைச் செய்வன வாடையும் கொண்டலும். திசையை மாற்றிக்கொண்டு படித்தால் பாட்டு நம் கடற்கரைக்கு வந்துவிடும்: கூரையைப் பிரித்து எறியும் அதே காற்றுத்தான் ஏரியை நிரப்புகிறது. அழித்தலும் காத்தலும் ஒரே கையின் தொழில் என்று ஷெல்லி அக்காற்றைப் போற்றுவது, இத்தொழில்களைத் தெய்வத்துக்குரியனவாகக் கேட்டு வளர்ந்த நமக்குப் புதிதன்று.

நிற்க. அவ்வைப்பசியில் அக்கவிஞர் இருந்த நிலை யாது? அவருக்கு வயது 27. முந்திய ஆண்டின் செப்டம்பரில் பெண்மகவு கிளாரா வெனிஸ் நகரில் இறந்தது. 1819 ஜூனில் மைந்தன் வில்லியம் ரோமாபுரியில் இறந்தான். மனைவி மேரி கருவுற்றிருந்தார். அம்மகவு பிறந்தது நவம்பரில். தாய்நாட்டிலோ, ஆகஸ்டு 16-ஆம் தேதி மான்செஸ்டர் நகரில் பிரதிநிதித்துவ உரிமை கேட்டு அமைதியாகக் கூடிய மக்கள்மேல் குதிரைப்படை ஏவப்பட்டு, உயிர்கள் பல மாண்டன. அச்செய்தி கேட்டுக் கொதித்து ஷெல்லி எழுதிய நெடும்பாட்டு அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1832-இல் தான் வெளிவந்தது. இரு மக்களைப் புதைத்தவர், தம் சொல்லைக் கேட்பார் இல்லாதவர், அயல்நாட்டில் வாழ்பவர். இந்நிலையிலிருந்த ஒருவர் வசந்தம் வரும் என்று எளிதிற் சொல்லிவிடக் கூடுமோ?

எளிதிற் சொல்லவில்லை என்பதற்குப் பாட்டின் அமைப்பே சான்று. பாட்டு ஐந்து பகுதிகளையுடையது. பகுதிக்கு 14 அடிகள்: மும்மூன்று அடிகளாக நான்கு கண்ணிகள், இறுதியில் ஈரடி. ஆங்கிலத்தார் தொடையென்று பெரும்பாலும் கொள்வது நாம் இயைபு என்று கூறும் அடியிறுதி ஒலியொப்புமை. இப்பாட்டின் ஒவ்வொரு கண்ணியிலும் முதலடியும் மூன்றாமடியும் இயையும்; நடுவடி துணையின்றித் தனித்து நிற்கும். அத்தனியடியின் ஓசையை அடுத்த கண்ணியின் முதலடியும் மூன்றாமடியும் ஏற்றுக்கொள்ளும். இத்தாலியப் பெருங்கவி தாந்தே தம் காப்பியத்தில் ஆண்ட யாப்பு இது. நம் அந்தாதியை அறிந்தவர்க்கு இதன் சுவை உடனே விளங்கும். அந்தாதியில் முடிந்த சொல் அடுத்த பாட்டுக்குத் தொடக்கமாகிறது; இங்கோ, தன் கண்ணியில் அனாதையாக நின்ற ஓசை அடுத்ததில் இரு துணை பெறுகிறது. மண்ணுள் இட்ட வித்துப் பின்னர் முளைக்கும் என்று கவிஞர் வாயாற் சொல்லுமுன்னரே, அவர் எடுத்த யாப்பு அதனைச் செய்து காட்டிவிட்டது.

இனிப் பொருளமைதி. முதற் பகுதி நிலத்தைப் பற்றியது. காற்று சருகுகளைத் துரத்துகிறது, வித்துக்களைக் கொண்டுபோய்க் குளிர்ந்த மண்ணில் கிடத்துகிறது. இரண்டாவது வானத்தைப் பற்றியது. மேகங்கள் சிதறிப் புயல் திரள்கிறது. மூன்றாவது கடலைப் பற்றியது. பாயா விரிகுடாவின் அடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய மாளிகைகளைக் கனவுகண்டு துயிலும் நீர் விழித்தெழுகிறது. மூன்று பகுதிகளும் தன்னைக் கேட்குமாறு காற்றை இரக்கும் ஒரே வேண்டுகோளில் முடிகின்றன. 42 அடிகள் வரையில் தனக்கு வேண்டுவது யாதென்று கவிஞர் சொல்லவே இல்லை என்பதைக் கவனிக்க. நான்காம் பகுதியில்தான், இலையும் மேகமும் அலையும் ஒருங்குகூடி, அவற்றின் நடுவே 'யான்' என்னும் சொல் வந்து நிற்கிறது. வந்து நின்ற உடனே வீழ்கிறது. அவற்றைப்போல் தம்மையும் தூக்கிச் செல்லுமாறு இரந்து, வாழ்க்கையின் முட்களில் விழுந்து குருதி சிந்துவதாகக் கவிஞர் அலறுகிறார். ஐந்தாம் பகுதியில், காடு காற்றுக்கு யாழானதுபோல் தாமும் ஆகவும், அணையாத அடுப்பின் சாம்பலும் பொறியும்போலத் தம் சொற்கள் மக்களிடையே பரவவும் வேண்டுகிறார். அதன்பின் அந்த வினா. அவ்வினாவுக்கு அவர் ஏறி வந்த படிகள் இவை. நான்காம் பகுதியின் வீழ்ச்சியை நீக்கிவிட்டு ஈற்றடியை மட்டும் எடுப்பவர், நோய் இன்னதென்று கேளாமல் மருந்தை மட்டும் எடுத்துச் செல்பவரை ஒப்பர்.

முதற் பகுதியின் வித்துக்களைப் பற்றி ஒரு சொல். பாலவாக்கத்து மணலில் ஆண்டுதோறும் தை மாசி மாதங்களில் கடலாமைகள் இரவில் கரையேறி முட்டையிட்டு, மணலால் மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் செல்கின்றன. 1988 முதல் மாணவர்கள் குழுவாக நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையில் இராக்காலத்தில் நடந்து, அம்முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் மீண்டும் மணலுள் வைத்து, 45 நாள் அளவில் பொரித்தவற்றைக் கடலில் விட்டு வருகிறார்கள். அவற்றுள் பெரிதாய் வளர்ந்து பிழைப்பன மிகச் சிலவே. ஆயினும் நடக்கிறார்கள். புதைகுழியும் தொட்டிலும் ஒன்றாயிருக்கக்கூடும் என்னும் ஷெல்லியின் கருத்தை விளக்க, எனக்கு இதனினும் சிறந்த உரை கிடைத்ததில்லை.

இப்பாட்டைக் குறைகூறியோரும் உளர். எப். ஆர். லீவிஸ் என்னும் திறனாய்வாளர் 1936-இல் வெளியிட்ட நூலொன்றில், மேகங்களைச் சருகுகளோடு ஒப்பிட்டது கண்ணாற் காணத்தக்க உவமையன்று, உணர்ச்சி வேகத்தில் விளைந்த குழப்பமே என்னும்படி எழுதினார். அவர் கூர்மையான அறிஞர். ஆனால் கார்த்திகையில் வங்கக் கடலோரத்தில் நின்றவரல்லர். புயலுக்கு முன்னர், கரிய திரளிலிருந்து பிய்ந்த துணுக்கு மேகங்கள் தாழப் பறந்து ஒன்றையொன்று துரத்துவதைக் கண்டவர்க்கு அது குழப்பமாகத் தோன்றாது. முட்களில் விழுந்த அடியைத் தன்னிரக்கம் என்று இகழ்வாரும் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் கவிஞர் அவ்விரக்கத்தில் தங்கவில்லை. அடுத்த பகுதியில் அவர் கேட்பது தம் துயர் தீர்வதையன்று, தம் சொல் பிறர்க்குப் பயன்படுவதை.

இனி, அம்மாணவனின் இரண்டாம் கேள்விக்கு வருவோம். நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பகுத்தது நம் மாணாக்கர் அறிந்ததே: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. ஷெல்லியின் ஈற்றடி இவற்றுள் எது? அறிவினா என்று யான் கற்பித்து வந்தேன். பருவங்களை மட்டும் நோக்கினால் அது அறிவினாவே. பனிக்காலத்தின் பின் வசந்தம் வருவதைக் குழந்தையும் அறியும். ஆனால் கவிஞர் பாடியது பருவத்தை மட்டுமோ? இறந்த மக்கள் மீண்டு வாரார். நாட்டுக்கு விடுதலை வருமோ என்பதை அவர் அறியார். தம் சொல் கேட்கப்படுமோ என்பதையும் அறியார். ஆகவே வாழ்வை நோக்க அது ஐயவினா. இனி, அதனைப் படிக்கும் நம்மை நோக்கினாலோ, அது ஏவல்வினா. 'படித்தாயா?' என்று தந்தை கேட்டால் 'போய்ப் படி' என்பது பொருளாவதுபோல, வசந்தம் வருமா என்று கேட்டு, அதனை வருவிக்கும் தொழிலுக்கு நம்மை ஏவுகிறார். ஒரே வினா இயற்கையை நோக்கி அறிவும், வாழ்வை நோக்கி ஐயமும், படிப்போரை நோக்கி ஏவலும் ஆகிறது. மூன்றும் கூடியதே அப்பாட்டின் நம்பிக்கை. முதலாவதை மட்டும் கொண்டு ஏனைய இரண்டையும் நாம் தள்ளிவிட்டோம்.

இப்பிழைக்கு நம் மொழி வழக்கும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். நம்பிக்கை என்னும் சொல்லை நாம் இரு பொருளில் ஆளுகிறோம். ஐயமற நம்புவதும் நம்பிக்கை. வாராத ஒன்றை எதிர்நோக்கியிருப்பதும் நம்பிக்கை. நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் தமிழ் வேதாகமம் வாசிக்கக் கேட்டோர், பவுல் அப்போஸ்தலர் நிலைப்பனவாகக் கூறிய மூன்றனுள் விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு என்று பிரித்து வழங்குவதை அறிவர். ஷெல்லியிடம் விசுவாசம் இல்லை. நாத்திகத்தைப் பற்றிய சிறு பிரசுரம் ஒன்றின் பொருட்டு 1811-இல் ஆக்ஸ்போர்டிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். அத்தகையவரின் பாட்டை மிஷன் கலாசாலைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக வைத்திருப்பதில் முரண் ஒன்றும் இல்லை. உறுதி இல்லாதவிடத்தும் எதிர்நோக்கி நிற்கலாம் என்பதைக் கற்பிக்க, உறுதி இல்லாதவரினும் தக்கார் யார்? இதே காலத்தவரான கீட்ஸ், 1815-இல் தம் 19-ஆம் வயதில், நம்பிக்கையைப் பெயர் சொல்லி அழைத்து, வெள்ளிச் சிறகுடைய தேவதையாக உருவகித்து, தம் தலைமேல் கவியுமாறு வேண்டி ஒரு பாட்டு இயற்றினார். இனிய பாட்டுத்தான், ஆனால் தேவதை எங்கிருந்தோ வருகிறாள், எங்கோ போகிறாள். ஷெல்லியின் 70 அடிகளில் நம்பிக்கை என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை. அங்ஙனம் இருந்தும், நம்பிக்கையைப் பாடியதாக நம் நினைவில் நிற்பது அப்பாட்டே.

இக்கருத்தைத் தமிழில் நிறைவு செய்தவர் நம் பாரதியார். எட்டயபுரத்தில் இளமையில் ஷெல்லியின் பாட்டுக்களில் ஆழ்ந்து, ஷெல்லிதாசன் என்று புனைபெயரிட்டுக் கொண்டவர் அவர். 1908 முதல் 1918 வரையில் புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில், நள வருஷம் கார்த்திகை 8-ஆம் தேதி, அஃதாவது 1916 நவம்பர் 22, புதன்கிழமை இரவு, பெரும்புயல் வீசிற்று. அதனைப் பற்றி அவர் இரு பாட்டுக்கள் இயற்றினார். ஒன்று, புயலின் நடுவே கணவனும் மனைவியும் அச்சத்தோடு பேசிக்கொள்வது. மற்றொன்று பிழைத்த தென்னந்தோப்பு. எண்ணற்ற மரங்கள் வீழ்ந்தபின், ஏழையொருவனுக்கு உரிய சிறு தோப்பில் சில சாய்ந்து பல நிற்பதைக் கண்டு, நின்ற மரத்தின் நிழலில் அமர்ந்து, கவிதையில் நிலைத்த இன்பத்தை அறிந்துகொண்டதாகப் பாடுகிறார்.

சீடர் ஆசிரியரைப் படியெடுக்கவில்லை என்பது இங்கே நோக்கத்தக்கது. ஷெல்லி புயலுக்கு முன்னே நின்று, புயலாகிவிட விழைகிறார். பாரதியார் புயலுக்குப் பின்னே வந்து, எஞ்சியதை எண்ணிப் பார்க்கிறார். அவர் யாப்பு பின்னிப் படரும் நெடுந்தொடையன்று. சிறுசிறு அடிகள், பேச்சுச் சொற்கள், புயல் ஓய்ந்த காலையில் மெல்ல நடப்பவனின் அடிவைப்பு. அந்த எளிமையே அப்பாட்டின் தொழில்திறம். மரங்கள் பல நின்றன என்பதோடு சில வீழ்ந்தன என்பதையும் கணக்கில் வைக்கிறார்; தோப்பு செல்வனுடையதன்று, வறியவனுடையது என்பதையும் சொல்ல மறக்கவில்லை. வெளியிட்ட பத்திரிகை தடுக்கப்பட்டு, ஊர் திரும்ப வழியின்றி எட்டாண்டுகள் கழித்த ஒருவர், மீந்து நின்ற சில தென்னைகளில் தம் வாழ்வையே கண்டிருத்தல் கூடும் என்பது என் ஊகம்.

இருவரும் தாம் கேட்ட வசந்தத்தைக் காணவில்லை. ஷெல்லி 1822 ஜூலை 8-ஆம் நாள், 30 வயது நிரம்புமுன், இத்தாலியக் கடலில் படகு கவிழ்ந்து இறந்தார். இங்கிலாந்தில் பாராளுமன்றச் சீர்திருத்தச் சட்டம் வந்தது 1832-இல். பாரதியார் 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில், 39 வயது நிரம்புமுன் மறைந்தார். நாடு விடுதலை பெற்றது 1947-இல். அறிவினாவாக மட்டும் கேட்டிருந்தால் இவர்கள் ஏமாந்தவர்கள் என்றே சொல்ல வேண்டும். ஐயத்தை மறையாமல், ஏவலையும் விடாமல் கேட்டதனால், அவர்களுக்குப் பின் வந்தோர் அவ்வினாவைத் தமதாக்கிக் கொண்டனர்.

ஆகவே மாணவ அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. கவிதையில் பொருள் வேறு, தொழில்திறம் வேறு என்று இரு தலைப்பிட்டுக் குறிப்பெழுதும் வழக்கத்தை விடுங்கள். எத்தனை அடி, எவ்வகைத் தொடை, எங்கே மூச்சு நிற்கிறது, எங்கே 'யான்' என்னும் சொல் முதலில் நுழைகிறது என்று பாருங்கள்; பொருள் அவ்விடங்களிலேயே இருக்கும். பாட்டு முழுவதையும் வாய்விட்டுப் படியாமல் ஈற்றடியை எவருக்கும் ஆறுதலாகச் சொல்லாதீர்கள். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல்: இவ்வினாவுக்கு ஆம் என்று எழுதியவனுக்கு மட்டும் முழு மதிப்பெண் கொடாதீர்கள்.

பின்வரிசையில் எழுந்து நின்ற அம்மாணவன் இன்று எங்கிருக்கிறானோ அறியேன். இம்மலர் பழைய மாணவர் கைக்கும் செல்வதாதலின், அவன் கண்ணிற் பட்டால் படிக்கட்டும். தம்பி, வசந்தம் வரும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலே கேட்டார். புயல் கழிந்த மறுவாரம், உன் தந்தையார் உடைந்த பலகைகளை மணலில் பரப்பி, எது தேறும் எது தேறாது என்று பார்த்துக்கொண்டிருந்ததை யான் கடற்கரைக்குச் செல்கையில் கண்டேன். அவரும் அதனையே கேட்டுக்கொண்டிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.